முகத்துக்கு இடம் வைக்கவில்லை

வேலையில் இருந்த அத்தனை வருடமும் நான் ஒரு பைல்கூடத் தொலைத்ததில்லை. முன்பெல்லாம் இதை யாரிடம் சொன்னாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வேன். இப்போது சொல்ல வந்தால் குரல் தானாக இறங்கிவிடுகிறது. ஏன் என்பதை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கடலூரில் ஒரு ஸ்கேன் சென்டர். அதற்குச் சிதம்பரத்தில் ஒரு கிளை. இரண்டு ஊரிலும் எடுக்கிற எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் பைல்களாகச் சேரும். அந்தப் பைல்களைக் கட்டிக் காப்பதுதான் என் வேலை. கடலூரில் ஒரு பெரிய சர்வர், சிதம்பரத்தில் இன்னொன்று, நடுவே ஒரு நோஞ்சான் லைன். பகலில் எடுத்த படங்களை ஒரு ஊரிலிருந்து மறு ஊருக்கு அனுப்பி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். கடலூரில் இடம் நிறைந்துவிட்டால் பழைய வருடங்களைச் சிதம்பரத்துக்குத் தள்ள வேண்டும். லைன் படுத்துவிட்டால் ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். எனக்கு ஊர் புவனகிரி. சிதம்பரம் போகிற நாளில் வீட்டுச் சாப்பாடு கிடைக்கும் என்பதால் லைன் படுத்தால் எனக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

அந்த பஸ் குடிகாடு, செம்மங்குப்பம் வழியாகப் போகும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் எந்த ரசாயன ஆலையைத் தாண்டுகிறோம் என்று மூக்கை வைத்தே சொல்லிவிடலாம். கைக்குட்டையை எடுக்கிறவர் வெளியூர்க்காரர் என்று அர்த்தம். நாங்கள் ஜன்னலைக்கூட இறக்க மாட்டோம்.

அந்த ஆலைகள்தான் எங்கள் சென்டருக்குச் சோறு போட்டன. காண்டிராக்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு வருடம் ஒரு தடவை நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். வேனில் இருபது இருபது பேராகக் கொண்டுவந்து இறக்குவார்கள். பாதிப் பேர் கடலோரக் குப்பங்களைச் சேர்ந்தவர்கள். கடல் ஊருக்குள் வந்து படகையும் வலையையும் அள்ளிக்கொண்டு போன பிறகு ஆலைக்கு மூட்டை பிடிக்கப் போனவர்கள். ஆளுக்கு ஒரு கேட் பாஸ் இருக்கும். அந்தப் பாஸ் எண்ணையே பைலுக்கு வைத்துவிடலாம் என்று கண்டுபிடித்த மகான் நான்தான். பெயர் என்றால் தலைவலி. ஒரே குப்பத்தில் அம்மன் பெயரோடு பத்துப் பேர் இருப்பார்கள், அதில் நாலு பேருக்கு இனிஷியலும் ஒன்றாக இருக்கும். எண்ணில் அந்தக் குழப்பம் கிடையாது. பாஸ் எண், வருடம், அவ்வளவுதான். இரண்டு சர்வரில் எதில் தட்டினாலும் ஒரு நொடியில் வந்து நிற்கும். டாக்டர், அதாவது சென்டரின் முதலாளி, வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, இவர் இல்லையென்றால் நாங்கள் இல்லை என்பார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது.

எக்ஸ்ரே எடுக்கிற அக்கா ஒருவர் இருந்தார். கடலூர் முதுநகர்க்காரர், அதிகம் பேச மாட்டார். முதல் வருடமே என்னிடம் வந்து ஒரு விஷயம் சொன்னார்.

“தம்பி, ஒரு சின்ன கேமரா வச்சி ஆளோட மூஞ்சியையும் புடிச்சி படத்தோட சேத்து வச்சிடலாம். எங்கிட்ட எல்லாரும் சட்டையக் கழட்டிட்டு வர்றாங்க, நெஞ்சு மட்டும்தான் தெரியுது. நம்பரக் கேக்கறோம், ஆளு யாருன்னு எங்க பாக்கறோம்?”

“வேணாங்க்கா. அந்த மாதிரி குட்டி குட்டி பைலுங்கதான் லைன அடைக்கும். எடம் வேற ஜாஸ்தி புடிக்கும்” என்றேன்.

ஒரு நெஞ்சுப் படம் எட்டு எம்பி. ஒரு முகம் இருபது கேபிகூட வராது. வயிறு முட்டச் சாப்பிட்டவன் ஒரு பருக்கைக்கு இடமில்லை என்ற கதைதான். ஆலையின் காண்டிராக்டரும் போட்டோவெல்லாம் எதற்கு, நேரமாகும் என்றார். நான் சொன்னதையே அவரும் சொல்கிறாரே என்று எனக்கு மகிழ்ச்சி. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று யோசிக்கவில்லை.

நாலு வருடம் இப்படி ஓடியது.

ஐந்தாம் வருடம் ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கலாம். கூடவே அவள் கணவர், அவளுடைய அண்ணன். கணவரை அண்ணன் தோளில் தாங்கிப் பிடித்து ஆட்டோவிலிருந்து இறக்கினார். பெஞ்சில் உட்கார்ந்தவர் மூச்சு வாங்கி முடிக்கவே பத்து நிமிடம் ஆனது. ஆலையில் தூள் மூட்டை பிடிக்கிற வேலை. வேலைக்கு வர வேண்டாம் என்று இரண்டு மாதத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்களாம். அக்கா புதிதாக ஒரு படம் எடுத்தார். அதே பாஸ் எண்ணில் நான் அதைச் சேர்த்தேன். அப்போதுதான் அந்தப் பெண் என் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் வந்து நின்றாள்.

“சார், வருஷா வருஷம் இவரு இங்கதான் படம் எடுத்தாரு. அந்தப் பழைய படமெல்லாம் இருக்குதுங்களா? கெவுர்மென்ட் ஆஸ்பத்திரி டாக்டரு கேக்கறாரு. கொஞ்சம் கொஞ்சமா கெட்டிருந்தா வேலையாலதான் வந்துச்சின்னு எழுதித் தரேன்னாரு. அவரு எழுதிக் குடுத்தா கம்பெனிக்காரங்க பெரிய ஆஸ்பத்திரிக்கி அனுப்பித்தான் ஆவணுமாம்.”

பெஞ்சிலிருந்து அவள் கணவர், “பழசெல்லாம் எதுக்கு? விடு” என்றார்.

“நீ சும்மா இரு” என்றாள் அவள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆளைத் தூக்கிவந்த களைப்பு என்று நினைத்தேன்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. உண்மையைச் சொல்வதென்றால் அந்த மனிதருக்காக வந்த உற்சாகம் அதில் பாதிதான். மீதி, என் சர்வர்களின் பெருமையை ஊருக்குக் காட்ட ஒரு வாய்ப்பு வந்ததே என்பதால். கடைசி இரண்டு வருடப் படங்கள் கடலூரிலேயே இருந்தன. அதற்கு முந்தின வருடம் சிதம்பரத்தில். முதல் வருடம் இருந்த டிஸ்க் பழுதாகிக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. கழற்றுவதற்கு முன் எடுத்த காப்பி எங்கோ இருக்க வேண்டும். இரண்டு தடவை சிதம்பரம் போனேன். பீரோவில் பழைய டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தேன். மூன்றாம் நாள் மத்தியானம், பெயரே எழுதாத ஒரு டிஸ்க்கில் அந்த எண் கிடைத்தது. புவனகிரிக்குப் போய் அன்றைக்கு இரண்டு தடவை சாதம் வாங்கிச் சாப்பிட்டேன்.

நாலு வருடப் படங்களையும் பிலிமில் அடித்து, புதுப் படத்தோடு சேர்த்து, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். டாக்டர்தான் பிரிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நானும் படங்களைப் பார்க்கவில்லை. நான் பைலைப் பார்ப்பேன், எண் சரியா, வருடம் சரியா, அளவு சரியா என்று. படத்துக்குள் இருப்பதைப் பார்ப்பது என் வேலை இல்லை என்று இருந்தேன்.

அந்தப் பெண் உறையை வாங்கிக்கொண்டு கும்பிட்டாள். “நீங்க நல்லா இருக்கணும் சார்” என்றாள்.

ஒரு வாரம் கழித்துத் தனியாக வந்தாள். முகம் வேறு மாதிரி இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சார், போன வருஷம் வரைக்கும் நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்குதாம். இந்த வருஷம் திடீர்னு கெட்டிருக்குதாம். இது வேலையால வந்ததுன்னு நான் எப்படிம்மா எழுதறதுன்னு டாக்டரு கேக்கறாரு. கம்பெனி ஆபீசுல அந்தப் படத்த எல்லாம் வாங்கி வச்சிக்கினாங்க. எங்க கிட்ட இருந்த வரைக்கும் ஆளு நல்லாத்தான் இருந்தாருன்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரி ஆச்சுன்றாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “படம் கிடம் மாறிப்போச்சுங்களா சார்?” என்று கேட்டாள்.

இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் அவள் கேட்காமல் இருந்திருக்கலாம். எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினேன். பாஸ் எண்ணைக் காட்டினேன், வருடத்தைக் காட்டினேன், தேடியெடுத்த பைல்களை இரண்டு ஊரிலும் சேர்த்து வைத்திருப்பதைக் காட்டினேன். “என் கிட்ட எதுவும் மாறாது. ஏதாச்சும் தப்புன்னா அது உங்க பக்கம்தான் இருக்கும்” என்று சத்தமாகவே சொன்னேன். ரிசப்ஷனில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அந்தத் திரையில் ஒன்றும் புரிந்திருக்காது. சரி சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் கத்தியதைக் கேட்டு அக்கா வந்தார். “தம்பி, அந்த அஞ்சு படத்தையும் வரிசையாப் போடு” என்றார். போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு விரலைத் திரையில் வைத்தார்.

கழுத்துக்குக் கீழே தோளுக்குப் போகிற காறை எலும்பு. முதல் நாலு படத்திலும் இடது பக்கத்து எலும்பு நடுவில் முட்டிக்கொண்டு கோணலாக இருந்தது. எப்போதோ உடைந்து, நாட்டுக்கட்டு போட்டு, தாறுமாறாகச் சேர்ந்த எலும்பு. ஐந்தாவது படத்தில் அதே எலும்பு நேராக, வழவழவென்று இருந்தது.

“கோணலா ஒட்டுன எலும்பு மறுபடி தானா நேராவாது தம்பி” என்றார் அக்கா. “முன்ன வந்தவரு வேற ஆளு.”

நான் பாஸ் எண்ணை மறுபடி ஒரு தடவை சரிபார்த்தேன். ஐந்திலும் அதே எண்.

இரண்டு நாள் கழித்து அந்த அண்ணன் வந்தார். தங்கச்சி ஏதோ தெரியாமல் பேசிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்ல வந்திருந்தார். வெயிலில் வந்ததால் சட்டையின் மேல் பித்தான்கள் இரண்டு திறந்திருந்தன. இடது காறை எலும்பு ஒரு புளியங்கொட்டை அளவுக்குப் புடைத்துக்கொண்டு நின்றது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். பித்தானைப் போட்டுக்கொண்டார்.

வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார்.

“மச்சானுக்கு மொத வருஷமே இருமல் சார். படத்துல தெரிஞ்சா பாஸப் புடுங்கிக்குவானுங்க. அப்படி ரெண்டு பேர அனுப்பிட்டானுங்க. எனக்கு நெஞ்சு நல்லா இருந்துச்சு. என் பாஸ்ல ஒரு நாளு வந்து படம் எடுப்பேன், மச்சான் பாஸ எடுத்துக்கினு வேற நாளு வந்து எடுப்பேன். நாலு வருஷம். நான் மட்டும் இல்ல சார், எங்க ஆளுங்க நெறய பேரு இப்படித்தான். காண்டிராக்டருக்கே தெரியும்.”

“அவருக்கு உடம்பு சரியில்லன்னு அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே?”

“போயிருக்கலாம்” என்றார். “நல்லது பண்றதா நெனச்சித்தான் சார் பண்ணேன்.” பிறகு என்னை நேராகப் பார்த்தார். “நீங்களும்தான் நம்பரக் கேட்டீங்க. ஆளு யாருன்னு கேக்கவே இல்லியே.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருப்பேன். அவர் சும்மா நடந்ததைத்தான் சொன்னார்.

இதை வெளியே சொன்னால் அவருடைய பாஸும் போய்விடும். அந்தக் குடும்பத்தில் ஆலை வேலையில் மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான். சொல்லக் கூடாது என்று அவர் மச்சானே கட்டளை போட்டிருந்தாராம், ரெண்டு வூட்டு அடுப்பும் அணைஞ்சிடும் என்று. “தங்கச்சிக்கும் தெரிய வேணாம் சார். தாலிய நானே அறுத்த மாதிரி நெனச்சிக்கும்” என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

நான் எங்கள் டாக்டரிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நம்ம ரெக்கார்டு தப்புன்னு நாமளே எழுதிக் குடுக்கறதா? அப்புறம் எந்தக் கம்பெனி இங்க ஆள அனுப்பும்?” என்றார். நான் கெவுர்மென்ட் டாக்டரைப் போய்ப் பார்த்திருக்கலாம். பஸ்ஸில் இரண்டு ஸ்டாப். அந்த நாலு படமும் இவருடையது அல்ல, எலும்பைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்குப் பதிலாக யார் நின்றார்கள் என்று சொல்லாமலேகூட சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது என்று நோயாளியே சொல்லிவிட்டாரே என்பது எனக்கு வசதியாகப் போயிற்று. அந்த வசதியில் ஒளிந்துகொண்டேன். கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

நான் கொஞ்சம் சோம்பேறியாக இருந்து, அந்தப் பழைய டிஸ்க்கைத் தேடாமல், எல்லாம் அழிந்துவிட்டது அம்மா என்று சொல்லியிருந்தால், புதுப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த டாக்டர் ஏதாவது எழுதியிருப்பாரோ என்னவோ. ஊரில் எத்தனையோ சென்டர்களில் மூன்று மாதத்துப் படத்தைக் கேட்டால்கூடக் கையை விரிப்பார்கள். அந்த மனிதருக்கு நான் வந்து வாய்த்தேன்.

நாலு மாதத்தில் அவர் இறந்துபோனார். அந்தப் பக்கத்து வேன் வந்தபோது ஆட்கள் பேசிக்கொண்டதில்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வேனில் அண்ணனும் இருந்தார். தன் பாஸைக் காட்டி, சட்டையைக் கழற்றி, உள்ளே போனார். என் பக்கம் திரும்பவில்லை. அடுத்த வாரமே நான் என் சொந்தக் காசில் ஒரு கேமரா வாங்கி எக்ஸ்ரே அறை வாசலில் மாட்டினேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். லைன் ஒன்றும் அடைத்துக்கொள்ளவில்லை.

அதற்கு அடுத்த வருடக் கடைசியில் அந்தப் புயல் வந்தது. கடலூரில் மரம் என்று ஒன்று நிற்கவில்லை. கரண்ட் வர வாரக்கணக்கானது. எங்கள் மாடியில் ஜன்னல் பிய்ந்து சர்வர் அறைக்குள் மழை கொட்டியது. கடலூர் சர்வர் போய்விட்டது. சிதம்பரத்தில் எல்லாம் பத்திரமாக இருந்தது. ஒவ்வொரு பைலாகத் திருப்பிக் கொண்டுவந்து எண்ணிப் பார்த்தேன், ஒன்றுகூடக் குறையவில்லை. டாக்டர் எல்லோர் முன்னாலும் என்னைத் தட்டிக்கொடுத்தார். நானும் சிரித்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் காலை அந்தப் பெண் வந்தாள். இளைத்திருந்தாள். என்னை நினைவிருக்கிறதா என்று கேட்டாள். மறந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

“புயல்ல வூட்டுக் கூரை போயிடுச்சி சார். அவரு போட்டோன்னு இருந்தது ஒண்ணே ஒண்ணு, தண்ணியில ஊறிக் கரைஞ்சி போச்சி. மூஞ்சே இல்ல. முன்னாடி இருந்ததெல்லாம் கடலோட போச்சி. ஒங்க கிட்ட எதுவும் மாறாதுன்னு சொன்னீங்களே, அவரு நல்லா இருந்தப்ப எடுத்த படம் ஒண்ணு குடுங்க சார். மூஞ்சி இல்லாட்டியும் பரவால்ல. அவரோட நெஞ்சுதான?”

சர்வர்தான் நனைந்துவிட்டதே என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஊரே நம்பும். எனக்கு வாய் வரவில்லை. அவள் கேட்டது ஒரு படம், அதைக் கொடுத்தால் நிம்மதியாகப் போய்விடுவாள் என்று நினைத்தேன். முதல் வருடப் படத்தை பிலிமில் அடித்தேன். இந்தத் தடவை உறையில் போட்டு ஒட்டவில்லை. ஒட்டியிருக்க வேண்டும்.

அவள் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு மேலே போனாள். காறை எலும்பில் விரல் நின்றது. அந்த முட்டலின் மேலேயே இரண்டு மூன்று தடவை தடவினாள்.

“எங்க அண்ணனுக்கு இங்கதான் ஒடைஞ்சிது” என்றாள், என்னைப் பார்க்காமல். “சின்னப் புள்ளயில படகுலேர்ந்து உழுந்து. நாந்தான் எண்ணெ தேச்சி உடுவேன்.”

அவள் பிலிமை இறக்கி என் மேஜைமேல் வைத்தாள்.

“ஒங்களுக்கு அப்பவே தெரியுமா சார்?”

“தெரியும்மா” என்றேன்.

அவள் அழுவாள், கத்துவாள், அன்றைக்கு நான் கத்தியதற்கு இப்போது வாங்கிக்கட்டிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவள் எக்ஸ்ரே அறை வாசலில் இருந்த கேமராவைப் பார்த்தாள்.

“அப்ப அவரு படம் எது?” என்று கேட்டாள்.

ஐந்தாவதை அடித்துக் கொடுத்தேன். அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நெஞ்சு முழுக்க வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது. எலும்பு நேராக இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். அண்ணனின் படம் மேஜையிலேயே கிடந்தது.